என் குரலில் ஒரு ஐகான்

நவம்பர் 4, செவ்வாய்

தண்ணீருக்கு மட்டும் பதினொரு ஐகான் கிடக்கிறது. டம்ளர், சொம்பு, பாட்டில். ஒரு புண்ணியவான் கிணறுகூட வரைந்து வைத்திருக்கிறான். ஃபைல் பெயர்களைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. தண்ணி ஃபைனல், தண்ணி ஃபைனல் டூ, தண்ணி நிஜமான ஃபைனல். டம்ளரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கினேன். ஒவ்வொரு ஐகானுக்கும் ஐந்து அளவுகள், ஓர் ஒலி ஃபைல். எல்லாவற்றையும் வேரோடு பிடுங்க வேண்டும். ஒன்றை விட்டாலும் நாளைக்கு எங்காவது தலைகாட்டும்.

அன்றாடம் என்ன செய்தேன் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறான் இர்ஃபான். ஜனவரியில் ஐந்தாம் பதிப்பு வெளியாகிறது. அப்போது ‘இதை யார் எடுத்தது’ என்று சண்டை வரக் கூடாதாம். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அவன்தான் தலைவன். என்னைவிட வயதில் சின்னவன், வாய் நிறைய அக்கா என்பான், வேலை வாங்குவதில் மட்டும் மாமியார்.

எங்கள் சாஃப்ட்வேரின் பெயர் பேசுபலகை. பேச முடியாதவர்களுக்கானது. கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம். வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுச் சொல்லும். படத்தில் அடங்காததைச் சொல்ல ஓர் எழுத்துப் பலகை உண்டு. அதில் எழுத்தெழுத்தாகப் பொறுக்க வேண்டும், குரல் வராது, திரையில் படித்துக்கொள்ள வேண்டியதுதான். படங்களும் ஃபாண்ட்டும், அதாவது திரையில் வரும் எழுத்துகளின் வடிவமும், என் பொறுப்பு. குரலும் நான்தான். ஆரம்பத்தில் வெளியே ஆள் பிடிக்க வசதியில்லாமல், தில்லைநகர் ஆபீஸின் ஸ்டோர் ரூமில் போர்வையைத் தொங்கவிட்டு என்னையே பேச வைத்துவிட்டார்கள்.

வீட்டிலும் இதே பலகைதான் ஓடுகிறது. என் வீட்டுக்காரருக்கு வந்திருப்பது தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற நரம்பு நோய். பேச்சு போய் இரண்டு வருடமாகிறது. இப்போது மிச்சமிருப்பது வலது கட்டைவிரலும் கண்ணும் கோபமும். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். உறையூரில் பாதிப் பேர் அம்பலவாணனிடம் திட்டு வாங்கித்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இன்று சாம்பாரில் உப்பு இல்லை என்று என்னை என் குரலிலேயே திட்டினார். ‘நல்லா இல்ல’ என்ற ஐகானை நான் பதிவு செய்தபோது இவ்வளவு கடுப்பாகவா சொன்னேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நவம்பர் 7, வெள்ளி

டாக்டர் பெனடிக்டிடம் போனோம். வீல்சேரைத் தள்ள சுகுணா அண்ணி வந்தார். அண்ணி என்றால் அவருடைய அக்கா. அடுத்த தெருவில் இருக்கிறார். நான் ஆபீஸ் போன பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

மூச்சு போன தடவையைவிடக் குறைந்திருக்கிறது. சில மாதங்களில் ஒருநாள் மூச்சு நிற்கப் பார்க்கும் என்றார் டாக்டர். அப்போது இரண்டு வழி. தொண்டையில் துளை போட்டுக் குழாய் செருகி மெஷினோடு இணைத்தால் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கலாம், மெஷினை விட்டு வர முடியாது. இல்லையென்றால் குழாய் போடாமல், கஷ்டம் தெரியாதபடி மருந்து கொடுத்து விட்டுவிடலாம். ஒன்றை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

“அன்னைக்கு அவசரத்துல யோசிக்க முடியாதும்மா. அவர் மனசுல என்ன இருக்குன்னு அவரே சொல்லட்டும்” என்றார்.

இவர் எழுத்துப் பலகையைத் திறந்தார். வெளிச்சம் வரிசை வரிசையாக இறங்கி, எழுத்து எழுத்தாக நகர்ந்து, இவர் ஒன்றைப் பிடிப்பதற்குள் வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் இன்னும் யோசிக்கிறார் டாக்டர் என்றேன். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். திரையில் ‘கு’ என்ற ஓர் எழுத்து மட்டும் நின்றது.

குணமாயிடும்னு சொல்ல வந்திருப்பான் என்றார் அண்ணி, ஆட்டோவில். அப்படியும் இருக்கலாம். நான் டாக்டரிடம் பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

நவம்பர் 8, சனி

நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்துவிட்டார். குழாய் வேண்டாம்.

இதையெல்லாம் அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு உளுந்தை ஊறப்போடப் போனேன். திரும்பி வந்தபோது இன்னொரு வரி இருந்தது. புது ஐகான் வேணும், ஒரே அழுத்துல சொல்லணும். ஏன் என்று கேட்டேன். ரொம்ப நேரம் எடுத்து எழுதினார்: நான் எழுதுறதுக்குள்ள நீ பேசிடுற.

பதினான்காம் தேதி ஃப்ரீஸ். அதாவது அதற்குப் பிறகு ஐந்தாம் பதிப்பில் ஒரு படமும் சேர்க்கக் கூடாது, எடுக்கக் கூடாது. பட்டியல் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, இனி ஒன்றை நுழைத்தால் எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு முழிக்கும் மாணவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

நவம்பர் 12, புதன்

மறுவாழ்வு மையங்களில் எல்லாம் அரதப்பழைய கம்ப்யூட்டர்கள். சாஃப்ட்வேர் திறக்கவே ஒரு காபி குடித்து முடிக்கும் நேரம் ஆகிறதாம். ஃபாண்ட்டை இளைக்க வைங்கக்கா என்றான் இர்ஃபான். எங்கள் பட்டன்களிலும் மெனுவிலும் எந்தெந்த எழுத்து வருகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதி வடிவங்களை வெட்டிவிட்டேன். ஃபைல் பாதியாகிவிட்டது. மகிழ்ச்சியில் எனக்கு ஒரு சமோசா வாங்கிக் கொடுத்தான்.

புதுப் பதிப்பை அவருடைய லேப்டாப்பில் போட்டேன். எதையும் முதலில் எங்கள் வீட்டில்தான் சோதித்துப் பார்ப்பது. இவரைவிடக் குறை சொல்கிற ஆள் எனக்குக் கிடைக்க மாட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

ஃப்ரீஸ். காலையில் நான் தலை வாரும்போது பின்னால் என் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. புது. படம். புது. படம். புது. படம்.

விதி என்றால் எல்லாருக்கும் விதிதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். விதியைப் போட்டவளே நான்தான், அதை நான் மீறினால் நன்றாகவா இருக்கும்.

நவம்பர் 18, செவ்வாய்

மதியம் அண்ணி போன் செய்தார். சாப்பிட்டதிலிருந்து என்னமோ எழுதிக்கிட்டே இருந்தான், இப்பப் பாத்தா பாதிக்கு மேல கட்டம் கட்டமா நிக்குது, நீ ஏதாவது பண்ணித் தொலைச்சியா என்றார்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். நான் பண்ணித் தொலைத்ததுதான். பலகையில் பொறுக்குகிற எழுத்துகள் படங்கள் என்பதால் தப்பித்தன. பட்டன்களில் வராத எழுத்துகளையெல்லாம் வெட்டியிருக்கிறேன், மனிதன் எழுதும்போது எல்லா எழுத்தும் வரும் என்று யோசிக்கவில்லை. இப்படி ஒரு தப்பை வேலைக்குச் சேர்ந்த புதிதில்கூடச் செய்ததில்லை. ‘கோதை’ என்று என் பெயர் தெரிந்தது. ‘கார்’ என்று ஓரிடத்தில். மற்றதெல்லாம் வெற்றுக் கட்டங்கள்.

ஃபாண்ட்டுல கோளாறுங்க, சரி பண்ணணும் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியதைச் சேமித்து மூடினேன். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. படுக்கைப் புண்ணுக்குப் பவுடர் வாங்கினேன். சாப்பாட்டு ஐகான்களில் இட்லியும் ஆப்பமும் சின்ன அளவில் ஒரே மாதிரி தெரிகின்றன, குறித்து வைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

ஃபாண்ட்டைத் திருத்தி இர்ஃபானிடம் கொடுத்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டான். வீட்டில் அவர் எழுதியது படிக்க முடியாமல் போனதைச் சொன்னேன்.

“எழுத்து உள்ள பத்திரமாத்தானக்கா இருக்கும். பழைய ஃபாண்ட்ட போட்டாப் படிச்சிடலாமே. நீங்கதான எனக்கு இதச் சொல்லிக் கொடுத்தீங்க” என்றான்.

ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கட்டமாகத் தெரிவது திரையில் மட்டும். உள்ளே எழுதியது எழுதியபடி இருக்கும். ஃபாண்ட்டை மாற்ற அரை நிமிடம் ஆகாது. நேரம் கிடைக்கவில்லை. இன்று முழுக்கக் கை ஐகான்களை ஒழுங்குபடுத்தினேன். வா, போ, கொடு, நிறுத்து எல்லாவற்றுக்கும் கை ஒரே பருமனில் இருக்க வேண்டும்.

நவம்பர் 29, சனி

அண்ணி கோயிலுக்குப் போயிருந்தார். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் புது ஃபாண்ட்டைப் போட்டேன். போட்டவுடன் அந்தக் குறிப்பு தானாகத் திறந்துகொண்டது என்று எழுத ஆசைதான். நான்தான் திறந்தேன்.

அப்படியே இங்கே எழுதுகிறேன்.

“கோதை, ஸ்கூல் கார்ல வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுறவன் தப்பு பண்ணா வாத்தியார் மிதிப்பான். இப்ப வண்டி என்னுது. நிறுத்தணும்னு சொல்றேன். பிரேக் உன் காலடியில இருக்கு, நீ மிதிக்க மாட்டேங்குற. மெஷின்ல கட்டிப் போட்டா விட்டத்தப் பாத்துக்கிட்டு கெடப்பேன். இந்த விரலும் ஒருநாள் போயிடும். அப்புறம் ஞாயம் பேச எனக்கு ஒண்ணுமே இருக்காது. பயமா இருக்கு.”

இருபது வருடத்தில் இந்த மனிதர் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. லாரிக்கு முன்னால் பிரேக் பிடிக்காமல் உறைந்துபோன பெண்ணிடம் ‘பரவாயில்ல, அடுத்த லாரிக்குப் பாத்துக்கலாம்’ என்றவர். அவர் பயமாக இருக்கிறது என்று எழுதியதை மூடி வைத்துவிட்டு நான் ஆப்பத்தையும் இட்லியையும் பிரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயமில்லையா? அதை யார் கேட்டார்கள்? குழந்தை இல்லை, எனக்கென்று வேறு யாரும் இல்லை, இந்த வீட்டுக்குள் நுழைந்தால் என்னைப் பார்த்து முறைக்க ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான் என் சொத்து. மெஷினோடு இருந்தால் என்ன? விட்டத்தைப் பார்த்தால் என்ன? இருக்கட்டும். மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன். சுயநலம் என்றால் சுயநலம்தான். இதைப் படிக்கப்போவது யாருமில்லை.

எழுந்ததும் என் கண்ணைப் பார்த்து, படித்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டார். ‘தண்ணீர்’ அழுத்தினார். கொடுத்தேன்.

டிசம்பர் 3, புதன்

அவருக்குச் சளி பிடித்திருக்கிறது. இருமக்கூடத் தெம்பு இல்லை.

அவர் கேட்ட ஐகானை வரைய ஆரம்பித்தேன். கழுத்தில் குழாய் வரைந்து குறுக்கே கோடு போட்டால் தொண்டை வலி மாதிரி இருக்கிறது. சிவப்பு வட்டம் போட்டால் பஸ்ஸில் ஒட்டியிருக்கும் புகை பிடிக்காதே போர்டு. மெஷினை வரைந்தால் மிக்ஸி. சின்ன அளவில் நாலு கோடுக்கு மேல் தாங்காது, நாலு கோட்டில் இதை எப்படிச் சொல்வது? ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினேன். நல்லா இல்ல. நல்லா இல்ல. நல்லா இல்ல. என் குரல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு மனிதனின் முகமும் வெறும் கழுத்தும் மட்டும் வரைந்தேன். குழாய் இல்லை, கோடு இல்லை, ஒன்றுமில்லை. அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுத்துப் பலகையில் ‘மீசை’ என்று எழுதினார். மீசை போட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

ஒலி ஃபைல் இல்லாத ஐகானைப் பலகை ஏற்றுக்கொள்ளாது. கட்டத்தைக் காலியாக விட்டுவிடும். யாராவது பாதி வேலையோடு படத்தை உள்ளே தள்ளிவிடக் கூடாது என்று நான் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது.

மதிய இடைவேளையில் ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் போர்வையை இழுத்துவிட்டேன். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டாவது தடவை கெஞ்சுவதுபோல இருந்தது, அவர் கெஞ்ச மாட்டார். அப்புறம் எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்குத் தொண்டையில குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம், வீட்டுக்குப் போகணும். தண்ணீர் வேணும் என்று சொல்லுகிற அதே சாதாரணக் குரல் வரும்வரை சொன்னேன்.

வெளியே வந்தால் இர்ஃபான் நின்றுகொண்டிருந்தான். போர்வையெல்லாம் ஒரு தடுப்பா? தரையைப் பார்த்துக்கொண்டே, புது ஐகானா அக்கா என்றான். ஆமாம், ஃப்ரீஸ் தேதி தாண்டிவிட்டது, தெரியும், அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன் என்றேன்.

“ஃப்ரீஸ் வெளிய போற பதிப்புக்குத்தானக்கா” என்றான். “உங்க வீட்டு லேப்டாப்புக்கு யாரு ஃப்ரீஸ் போட்டா?”

என் இடத்துக்குப் போனேன். அவனுக்கு விவரம் போதாது.

இல்லை. அவன் சொல்வது சரி. முதல் நாளிலிருந்தே எனக்கு அது தெரியும்.

டிசம்பர் 6, சனி

கடைசி வரிசை, வலது ஓரம், அங்கே வைத்தேன். அழுத்திப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். ‘வேண்டாம்’ அழுத்தினார். அண்ணி சமையலறையில் இருந்தார்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ். மாஸ்க் வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பைக் கட்டில் பக்கத்தில் வைக்க நர்ஸிடம் சண்டை போட்டேன்.

டிசம்பர் 10, புதன்

டாக்டர் பெனடிக்ட் வந்தார். மாஸ்க் இனி ரொம்ப நாள் தாங்காது, குழாய் போடுவதென்றால் இன்றே போட வேண்டும் என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அண்ணி, இந்தப் பக்கம் நான்.

“போடுங்க டாக்டர், இதென்ன கேள்வி” என்றார் அண்ணி.

டாக்டர் என்னைப் பார்த்தார். வாய் வரைக்கும் வந்தது. போடுங்கள் என்று நானும் சொல்லியிருப்பேன், ஒரு வார்த்தைதான், அவர் விரல் நகர்வதற்குள் சொல்லி முடித்திருக்கலாம். அவரையே கேளுங்கள் என்று எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

வெளிச்சம் மேலிருந்து கீழே வந்தது. ஒருமுறை தவறவிட்டார். மறுபடி மேலே போய்க் கீழே வந்தது. கடைசி வரிசை, கடைசிக் கட்டம். அழுத்தினார்.

எனக்குத் தொண்டையில குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம், வீட்டுக்குப் போகணும்.

அந்த அறையில் என் குரல் அதைச் சொன்னது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். டாக்டர் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, நிச்சயமா என்று கேட்டார். மறுபடி அழுத்தினார். மறுபடி நான் சொன்னேன்.

அண்ணி அவரைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத எப்பப் பேசி வச்ச?” என்றார்.

போன வாரம், அவர் கேட்டார், நான் பதிவு செய்தேன் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கேவலமாகக் கேட்டது.

“பார்த்துப் பார்த்து அலுத்துடுச்சுன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே கோதை. என் தம்பிய நான் தூக்கிட்டுப் போயிருப்பேன்.”

இவர் எழுத்துப் பலகையைத் திறந்துவிட்டார். வெளிச்சம் ஊர்ந்தது. அ. பிறகு க். அண்ணி கொஞ்சம் இருங்க, உங்ககிட்டதான் பேசுறார் என்றேன். நான் சொன்னதனாலேயே அண்ணி இருக்கவில்லை. செருப்புச் சத்தம் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தபோது திரையில் ‘அக்கா’ முடிந்திருந்தது. ‘அக்கா நான்தான்’ என்று முடிந்தபோது அதைப் படிக்க டாக்டரும் நானும்தான் இருந்தோம். இந்தத் தடவை டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசி எழுத்துவரை உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் 13, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆக்ஸிஜன் சிலிண்டரை மூலையில் வைத்தோம். வலி தெரியாமலிருக்க சொட்டு மருந்து. அண்ணி வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இவர் அக்காவுக்கு எழுதியதைச் செய்தியாக அனுப்பினேன், நான் எழுதி அனுப்பினால் அது நான் எழுதியதாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 16, செவ்வாய்

கஞ்சி இரண்டு ஸ்பூன். ஷேவ் செய்துவிட்டேன், மீசையை ஒழுங்காக வெட்டத் தெரியவில்லை. நல்லா இல்ல என்றார்.

பிறகு, படங்களைத் தேடித் தேடி மூன்று கட்டம் அழுத்தினார். இது. வேண்டாம். எடு. சாப்பாட்டுத் தட்டை எடுக்கச் சொல்லும்போது வழக்கமாக அழுத்துகிற மூன்றுதான். தட்டு எதுவும் இல்லை. போர்வையா என்றேன். தலையணையா என்றேன். கண் லேப்டாப்பின் கடைசி வரிசைக்குப் போய்ப் போய் வந்தது.

அந்த ஐகானையா என்று கேட்டேன். கண்ணை மூடித் திறந்தார்.

அவசியப்பட்டால் என்ன செய்வது என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டாரே என்பதுபோலப் பார்த்தார். ஏன் என்று கேட்டதற்கு, மூச்சு வாங்க வாங்க, மத்தியானம் முழுக்க எழுதினார். உன் குரல்ல அது இருக்க வேணாம்.

அவர் மார்பில் தலையை வைத்து அழுதேன். கனக்கும் என்றுகூட நினைக்கவில்லை. பிறகு எழுந்து அழித்தேன். ஐந்து அளவுகள், ஒலி ஃபைல், ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த பிரதி, எழுத்துப் பலகையில் மிச்சமிருந்த வரிகள், எல்லாவற்றையும். ஒன்றை அழித்தால் அழித்ததாக இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் பாடம் எடுக்கிறவள் நான். கடைசி வரிசை ஓரத்தில் கட்டம் காலியானது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

டிசம்பர் 19, வெள்ளி

விரல் வேலை செய்யவில்லை. பட்டனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், அதுவும் நடக்கவில்லை. பலகையை மூடிவிட்டேன். வீட்டில் ஒரு குரலும் இல்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

காலையில் போய்விட்டார். கஷ்டப்படவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.

டிசம்பர் 24, புதன்

எல்லாரும் வந்தார்கள். அண்ணி கால்மாட்டில் உட்கார்ந்து அழுதார். என்னிடம் பேசவில்லை. பந்தலில் யாரோ யாரிடமோ, குழாய் போட்டிருந்தால் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பான், இவள்தான் வேண்டாம் என்றுவிட்டாளாம் என்று சொன்னது காதில் விழுந்தது. எழுந்துபோய் மறுத்திருக்கலாம். எழுந்திருக்கவே முடியவில்லை.

டிசம்பர் 31, புதன்

இர்ஃபான் வந்தான். ஐந்தாம் பதிப்பு தயார், நீங்கள் இல்லாமல் வெளியிட மனமில்லை என்றான். வெளியிடு என்றேன். போகும்போது, அந்த ஐகான் வேறு யாருக்காவது தேவைப்படலாம், சேர்க்கட்டுமா என்று கேட்டான். இல்லை, அழித்துவிட்டேன் என்றேன். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டான், சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஜனவரி 7, புதன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். அண்ணி கிளம்பவில்லை. கூடத்தில் தம்பியின் கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்தபோது, பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் என்னிடம் பேசி ஒரு மாதமாகிறது.

“அன்னைக்கு நான் உன்னத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்” என்றார். “அவன் கையப் பாக்கவே இல்ல. அவன் அழுத்துனானா, என்னான்னு ஒண்ணும் தெரியல. மனசு அடிச்சுக்குது கோதை. அத எடுத்து இன்னொரு தடவ போடு. கண்ண மூடிக்கிட்டு, அவன்தான் பேசுறான்னு நெனச்சுக் கேக்குறேன்.”

லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்தேன். பலகை விரிந்தது. வெளிச்சம் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து இறங்கியது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வரிசையின் ஓரத்துக்கு வந்து, காலிக் கட்டத்தில் நின்று, மறுபடி மேலே போனது.

“என்ன, ஒண்ணும் கேக்கல” என்றார் கண்ணைத் திறக்காமல்.

“இல்ல அண்ணி. எடுத்துட்டேன்.”

கண்ணைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார். ஏன் எடுத்தாய் என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை.

“அவர்தான் எடுக்கச் சொன்னார்.”

வெளிச்சம் இன்னொரு முறை இறங்கி வந்து போனது.

“அதையும் உன் குரல்லதான் சொன்னானா?”

ஆமாம் அண்ணி என்றேன்.